ஒரே மேசை, பல கழகங்கள்

திருவனந்தபுரத்தின் தம்பானூரில் ரயிலை விட்டு இறங்கிச் சாலையைக் கடந்தால் எதிரே பேருந்து நிலையம். நாகர்கோவிலிலிருந்தும் செங்கோட்டையிலிருந்தும் போகிற தமிழர்களுக்கும் அது பழகிய இடம்தான். அந்த ஒரே வளாகத்தில் நான்கு நிறுவனங்களின் கை படிந்திருப்பதைப் பலர் கவனித்திருக்க மாட்டார்கள். நிலம் 1965இல் தோன்றிய கேரள அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கு, அதாவது கே.எஸ்.ஆர்.டி.சி.க்குச் சொந்தம். அதன்மேல் பலமாடிக் கட்டடத்தை எழுப்பியது, 1991இல் அந்தக் கழகத்துக்குக் கடன் தருவதற்கென்றே அரசு தொடங்கிய கே.டி.டி.எஃப்.சி. என்ற நிதி நிறுவனம். நகரங்களில் ஓடும் தாழ்தளப் பேருந்துகளுக்கென்று பின்னால் கே.யு.ஆர்.டி.சி. வந்தது. நெடுந்தூர வண்டிகளுக்கென்று ஸ்விஃப்ட் என்ற கம்பெனி 2021இல் பதிவாகி, 2022 ஏப்ரலில் ஓடத் தொடங்கியது. நான்குக்கும் தனித்தனி இயக்குநர் குழுக்கள், தனித்தனிக் கணக்குகள். ஆனால் அந்தக் குழுக்களின் பட்டியலைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போக்குவரத்துத் துறைச் செயலர், கழகத்தின் மேலாண் இயக்குநர், நிதித்துறையின் பிரதிநிதி என்று அதே சில பதவிகள்தான் திரும்பத் திரும்ப வரும். ஒரே ஆள் பல நிறுவனங்களின் இயக்குநராக இருந்தால் அந்த நிறுவனங்களுக்கு நல்லதா கெட்டதா என்று உலகெங்கும் நிதியியல் ஆய்வாளர்கள் விவாதிக்கிறார்கள். அந்த விவாதம் பெரும்பாலும் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட தனியார் நிறுவனங்களைப் பற்றியே நடக்கிறது. நம் ஊர்ப் பக்கத்தில் இந்தப் பழக்கம் ஆழமாக வேரோடியிருப்பது அரசு நிறுவனங்களில். அது எப்படி வந்தது என்பதைத் தம்பானூரின் வரலாற்றைக் கொண்டே சொல்லிவிடலாம்.

அந்த வரலாறு ஒரே வேலையை மட்டும் கையில் வைத்திருந்த ஒரு மனிதரிடமிருந்து தொடங்குகிறது. 1930களில் திருவிதாங்கூரின் தென்பகுதிக்கு ரயில் கிடையாது. கொல்லத்திலிருந்து வந்த பாதை 1931இல் தம்பானூர் வரை நீண்டு அங்கேயே நின்றுவிட்டது. நாகர்கோவிலுக்கும் கன்னியாகுமரிக்கும் தண்டவாளம் போனது 1979இல்தான். இடைப்பட்ட ஏறத்தாழ அரை நூற்றாண்டும் நாஞ்சில் நாட்டுக்காரர் தலைநகருக்குப் போக வேண்டுமானால் சாலைதான் வழி. அந்தச் சாலையில் போட்டி போட்டுக்கொண்டு ஓடிய தனியார் பஸ்களின் இடத்தில் அரசே பஸ் விடுவதென்று திருவிதாங்கூர் முடிவு செய்தது. திவான் சர் சி.பி.ராமசாமி ஐயர் காலம் அது. லண்டன் பாசஞ்சர் டிரான்ஸ்போர்ட் போர்டில் பணியாற்றிய இ.ஜி.சால்ட்டரை வரவழைத்துப் புதிய துறையின் கண்காணிப்பாளராக வைத்தார்கள். இங்கிலாந்திலிருந்து பெர்கின்ஸ் டீசல் எஞ்சின் பொருத்திய 60 காமர் சேஸிகள் வந்தன. அவற்றுக்கு உடல் கட்டும் வேலையைச் சால்ட்டர் வெளியே கொடுக்கவில்லை. துறையின் சொந்தத் தொழிலாளர்களைக் கொண்டு தன் மேற்பார்வையிலேயே கட்டினார். நடத்துநர், ஆய்வாளர் பணிகளுக்குப் பட்டதாரிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். 1938 பிப்ரவரி 20ஆம் தேதி மகாராஜா சித்திரைத் திருநாள் துறையைத் தொடங்கிவைத்தபோது, மன்னர் குடும்பம் ஏறிய முதல் வண்டியைச் சால்ட்டரே ஓட்டினார். மறுநாளே திருவனந்தபுரத்துக்கும் நாகர்கோவிலுக்கும் இடையே பொதுமக்களுக்கான சேவை தொடங்கிவிட்டது.

சால்ட்டரைப் புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. அன்று இருந்தது மன்னராட்சி. தடங்கள் ஏகபோகம். கட்டணத்தைக் கூட்டினால் சட்டசபையில் அரசு கவிழும் என்ற கவலை இல்லை. தொழிற்சங்கத்தோடு பேச்சுவார்த்தை நடத்த வேண்டிய கட்டாயமும் அன்று இன்றுபோல் இல்லை. இவையெல்லாம் அவருக்குச் சாதகங்கள். ஆனாலும் அந்தத் தொடக்கத்தில் ஒரு செய்தி கிடக்கிறது. பஸ் துறையில் நட்டத்தை உண்டாக்குபவை சின்னச் சின்ன விஷயங்கள்: எந்தத் தடத்தில் எத்தனை மணிக்கு வண்டி காலியாகப் போகிறது, எந்த டெப்போவில் வண்டிகள் பழுதாகி நிற்கின்றன, எந்த எஞ்சின் கூடுதலாக டீசல் குடிக்கிறது, டயர் எத்தனை கிலோமீட்டர் தாங்குகிறது. இவற்றை மாதக் கூட்டத்துக்கு வரும் கோப்பிலிருந்து யாராலும் தெரிந்துகொள்ள முடியாது. ஒருவர் காலை முதல் இரவு வரை இதே நினைப்பாக இருந்தால்தான் இவை பிடிபடும். சேஸி இறங்கியதிலிருந்து உடல் கட்டி முடித்து ஓட்டிக் காட்டும் வரை ஒரே மனிதர் உடனிருந்தது அந்தத் துறைக்குக் கிடைத்த பெரிய முதலீடு.

இதற்கு நேர் எதிரான மரபு ஒன்று அப்போது இந்தியத் தொழில்துறையை ஆண்டுகொண்டிருந்தது. மானேஜிங் ஏஜென்சி என்பது அதன் பெயர். ஒரு வணிக இல்லம், தான் தொடங்கிய அல்லது தன்னிடம் ஒப்படைக்கப்பட்ட பல கம்பெனிகளை ஒப்பந்தத்தின் பேரில் நிர்வகிக்கும். கம்பெனிகளுக்கென்று இயக்குநர்கள் பெயரளவில் இருப்பார்கள். முடிவுகள் ஏஜென்சியின் அலுவலகத்தில் நடக்கும். 1834இல் துவாரகநாத் தாகூர் கல்கத்தாவில் தொடங்கிய கார், தாகூர் அண்ட் கம்பெனியைத்தான் இந்த முறையின் தொடக்கங்களில் ஒன்றாக வரலாற்றாசிரியர்கள் காட்டுவார்கள். நிலக்கரி, இழுவைக் கப்பல், தேயிலை, உப்பு என்று ஒரே வீட்டின் நிழலில் பல கம்பெனிகள் வளர்ந்தன. மூலதனம் குறைவாக இருந்த நாட்டில், நிர்வாகம் தெரிந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களாக இருந்த காலத்தில், ஒரு நல்ல பெயரைப் பல நிறுவனங்களுக்கு இரவல் கொடுக்க இந்த முறை உதவியது. அந்த அளவில் அதன் நன்மையை மறுப்பது நியாயமில்லை. அதன் நோயும் கூடவே பிறந்தது. துவாரகநாத்தும் அவரையொத்த வணிகர்களும் 1829இல் நிறுவிய யூனியன் பாங்கில், கடன் கொடுக்கும் மேசையில் இருந்தவர்களின் வணிக இல்லங்களே கடன் வாங்கும் வரிசையிலும் நின்றன. 1848 தொடக்கத்தில் பாங்கு விழுந்தது. கார், தாகூர் கம்பெனியும் அந்தச் சரிவில் முடிந்தது.

சென்னைக்கு அந்தப் பாடம் 1906இல் வந்தது. வங்கி, ஏற்றுமதி, தோட்டம், கம்பெனி நிர்வாகம் என்று கைவைக்காத தொழிலே இல்லை என்னும்படி விரிந்திருந்த அர்பத்நாட் அண்ட் கம்பெனி அந்த ஆண்டு அக்டோபர் 22ஆம் தேதி கதவை மூடியது. தென்னிந்தியாவெங்கும் விதவைகளும் ஓய்வுபெற்ற குமாஸ்தாக்களும் சேமிப்பை இழந்தார்கள். சர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்குப் பதினெட்டு மாதக் கடுங்காவல் கிடைத்தது. சென்னையின் பின்னி கம்பெனியும் ஆட்டங்கண்டு, பின்னாளில் இஞ்ச்கேப் பிரபுவான ஜேம்ஸ் மக்கேயின் கைக்குப் போய்த்தான் பிழைத்தது. வி.கிருஷ்ணசாமி ஐயரும் மற்றவர்களும் முன்னின்று 1907இல் இந்தியன் பாங்கைத் தொடங்கியதற்கு இந்த வீழ்ச்சிதான் தூண்டுதல். பல தொழில்களை ஒரே மேசையிலிருந்து பார்த்துக்கொள்பவர்களுக்கு எந்தத் தொழிலின் பணம் எந்தத் தொழிலின் ஓட்டையை அடைக்கப் போகிறது என்பது தெரியாமலே போய்விடுவதும், தெரிந்தும் சொல்லாமல் இருப்பதும் அன்று கோர்ட்டில் வெளிச்சமாயின.

சட்டம் மெதுவாகத்தான் விழித்தது. கம்பெனிச் சட்டத்தின் 1936ஆம் ஆண்டுத் திருத்தம் மானேஜிங் ஏஜெண்டின் காலத்தை 20 ஆண்டுகளாகக் குறுக்கியது. இயக்குநர்களில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் அவர் நியமிக்கக் கூடாது என்றது. சுதந்திரத்துக்குப் பிறகு சி.எச்.பாபா தலைமையிலான குழு 1952இல் அறிக்கை தந்தது. அதன் வழிவந்த 1956ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம், ஒருவர் 20 கம்பெனிகளுக்குமேல் இயக்குநராக இருக்கக் கூடாது என்றது. 1960 ஆகஸ்ட் 15க்குப் பிறகு ஒரு மானேஜிங் ஏஜெண்ட் பத்துக் கம்பெனிகளுக்குமேல் வைத்திருக்கக் கூடாது என்றும் விதித்தது. அதே தேதியைக் கேரளத்துக்காரர்கள் வேறொரு காரணத்துக்காக நினைவில் வைத்திருப்பார்கள். ஆலுவாவுக்குப் பக்கத்தில் 1943இல் பதிவான ஃபாக்ட் உரத் தொழிற்சாலையைத் தொடங்கி நடத்தியவர்கள் திருச்சியின் சேஷசாயி சகோதரர்கள். மேட்டூர் கெமிக்கல்ஸ் முதலான பல நிறுவனங்களோடு பெயர் சேர்ந்த குடும்பம் அது. விறகிலிருந்து வாயு எடுத்து அம்மோனியா செய்த காலத்திலிருந்து அவர்கள் ஃபாக்டைக் காப்பாற்றி வந்தார்கள் என்பதை நன்றியோடு சொல்ல வேண்டும். 1960 ஆகஸ்ட் 15இல் அவர்களது மானேஜிங் ஏஜென்சி முடிந்து ஃபாக்ட் கேரள அரசின் நிறுவனமாயிற்று. பத்தாண்டு கழித்து, 1970 ஏப்ரல் 3ஆம் தேதி முதல், மானேஜிங் ஏஜென்சி முறையே நாட்டில் ஒழிந்தது.

ஒழிந்தது என்று சட்டப் புத்தகம் சொல்கிறது. என் வாதம், அது இடம் மாறியது என்பதுதான். தனியார் வணிக இல்லத்தின் அலுவலகத்திலிருந்து எழுந்து அது மாநிலத் தலைமைச் செயலகத்தில் போய் உட்கார்ந்தது. 1960களிலும் 70களிலும் மாநில அரசுகள் கம்பெனிகளையும் கழகங்களையும் வரிசையாகத் தொடங்கின. ஒவ்வொன்றுக்கும் இயக்குநர் குழு வேண்டும். ஆட்களைத் தேடுவதைவிடப் பதவிகளை நியமிப்பது எளிது. துறைச் செயலர் தலைவர், நிதித்துறையிலிருந்து ஒருவர், தொடர்புடைய ஆணையர் ஒருவர் என்று பதவிவழி உறுப்பினர்களைக் கொண்டே குழுக்கள் நிரம்பின. தமிழ்நாட்டின் பஸ் துறையில் இதன் உச்சத்தைக் காணலாம். 1972இல் பல்லவன், பாண்டியன், சேரன், சோழன் என்று தொடங்கிய போக்குவரத்துக் கழகங்கள் கட்டபொம்மன், நேசமணி என்று பெருகி 21 வரை போயின, இப்போது எட்டு. ஒவ்வொன்றும் கம்பெனிச் சட்டத்தின் கீழ் பதிவான தனி நிறுவனம். எட்டுக்கும் தலைவர் ஒருவரே, போக்குவரத்துத் துறைச் செயலர். அவருக்குத் துறையின் மற்ற வேலைகளும் உண்டு. இந்த எண்ணிக்கை சட்ட வரம்புக்குள்தான் இருக்கிறது. சட்டத்தை மீறியதாக யாரும் சொல்ல முடியாது. ஆனால் 1956ஆம் ஆண்டுச் சட்டம் எந்தக் கவலையால் எழுதப்பட்டதோ அந்தக் கவலைக்கு இது அப்படியே பொருந்துகிறது. கேரளத்தின் கே.எஸ்.ஆர்.டி.சி.யோ கம்பெனியே இல்லை. 1950ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துக் கழகச் சட்டத்தின்படி அமைந்தது. ஆகவே அதன் குழுவில் இருப்பது கம்பெனிச் சட்டத்தின் கணக்கிலேயே ஏறாது.

பல நாற்காலிகள் எங்கே வலிக்கின்றன என்பதற்குத் தம்பானூர் வளாகமே சான்று. கே.எஸ்.ஆர்.டி.சி. தன் நிலத்தைக் கொடுத்தது. கே.டி.டி.எஃப்.சி. பணம் போட்டுக் கட்டியது. கட்டிச் சில ஆண்டுகள் வாடகையை எடுத்துக்கொண்டு கடனைத் தீர்த்துத் திருப்பித் தருவது என்ற ஏற்பாட்டில் தம்பானூர், கோழிக்கோடு, அங்கமாலி, திருவல்லா ஆகிய இடங்களில் பெரிய வளாகங்கள் எழுந்தன. தம்பானூரில் கடைகளுக்கான தளங்கள் பல ஆண்டுகள் ஆளின்றிக் கிடந்தன. கோழிக்கோட்டுக் கட்டடத்தின் உறுதியில் குறை இருப்பதாகச் சென்னை ஐஐடி வல்லுநர்கள் 2021இல் அறிக்கை தந்தார்கள். பஸ் வாங்கவும் அன்றாடச் செலவுக்கும் அதே கே.டி.டி.எஃப்.சி.யிடம் கழகம் வாங்கிய கடன்கள் வங்கிக் கடனைவிடக் கனத்த வட்டிக்கு உரியவை. 2018இல் ஸ்டேட் பாங்க் முன்னின்ற வங்கிக் கூட்டமைப்பிடம் ஏறத்தாழ ரூ.3,100 கோடி நீண்டகாலக் கடன் வாங்கி அந்தப் பழைய கடன்களைத் தீர்க்க வேண்டியிருந்தது. கடைசியில் கடன் கொடுத்த நிறுவனமும் தப்பவில்லை. 2023இல் வைப்புத் தொகையைத் திருப்பித் தர முடியாமல் கே.டி.டி.எஃப்.சி. கேரள உயர் நீதிமன்றத்தின் கண்டனத்தைக் கேட்டது. இங்கே யாரும் பணத்தைத் தின்றார்கள் என்று நான் குற்றம் சாட்டவில்லை. நான் கேட்பது வேறு. நிலம் கொடுத்தவரின் சார்பில் 'இந்த வாடகைக் கணக்கு எங்களுக்குக் கட்டுப்படியாகாது' என்று சொல்ல வேண்டியவர் யார்? கடன் கொடுப்பவரின் சார்பில் 'இந்தக் கடன் திரும்பி வராது' என்று சொல்ல வேண்டியவர் யார்? இரு பக்கமும் ஒரே துறையின் ஆட்களாக இருக்கும்போது இரண்டு கேள்விகளும் கேட்கப்படாமலே கோப்பு நகர்ந்துவிடும். யூனியன் பாங்கில் நடந்தது பேராசையால். இங்கே அதே அமைப்பு, எந்தப் பேராசையும் இல்லாமலே, அதே திசையில் இழுத்துச் சென்றிருக்கிறது.

இதோடு ஆட்கள் மாறும் வேகத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2016 அக்டோபருக்கும் 2020 ஜூனுக்கும் இடையில் கே.எஸ்.ஆர்.டி.சி.யின் தலைமை நாற்காலிக்கு ஐந்து பேர் வந்தார்கள்: மதுரைக்காரரான எம்.ஜி.ராஜமாணிக்கம், ஏ.ஹேமசந்திரன், டோமின் தச்சங்கரி, எம்.பி.தினேஷ், பிஜு பிரபாகர். நான்கு ஆண்டுகூட நிறையவில்லை. தச்சங்கரிக்குக் கிடைத்தது பத்து மாதத்துக்கும் குறைவு. 2019 ஜனவரியில் கால் நூற்றாண்டுக்குப் பிறகு முதல் முறையாகக் கழகம் அரசிடம் கையேந்தாமல் தன் வசூலிலிருந்தே சம்பளம் கொடுத்ததாகச் செய்தி வந்தது. சபரிமலைப் பருவத்தின் கூடுதல் வருமானம் அதற்குக் கை கொடுத்தது என்பதையும் மறைக்க வேண்டாம். அந்த மாதம் முடிவதற்குள் அவர் மாற்றப்பட்டார். அடுத்து, 2020 முதல் 2024 தொடக்கம் வரை பொறுப்பில் நிலைத்த பிஜு பிரபாகர் அந்தக் காலத்தின் பெரும்பகுதியில் போக்குவரத்துச் செயலராகவும் இருந்தார், ஸ்விஃப்டையும் கவனித்தார். அவருடைய உழைப்பையோ நோக்கத்தையோ சந்தேகிக்க எந்த ஆதாரமும் இல்லை. சால்ட்டருக்குக் கிடைத்த ஒன்று இவர்களில் முதல் நால்வருக்கும் கிடைக்கவில்லை, ஐந்தாமவருக்கு வேறு வழியில் கிடைக்கவில்லை. நால்வருக்குக் காலம் போதவில்லை. ஒருவருக்குக் காலம் இருந்தது, அது பல மேசைகளுக்குப் பங்கிடப்பட்டது.

உலக ஆய்வுகள் என்ன சொல்கின்றன? அவை ஒரே குரலில் பேசவில்லை. அமெரிக்கப் பெரு நிறுவனங்களைப் பார்த்த பெரிஸ், ஜகந்நாதன், பிரிட்சர்ட் மூவரும் 2003இல், பல குழுக்களில் இருப்பவர்கள் கடமையில் தவறுகிறார்கள் என்பதற்குச் சான்று இல்லை என்றார்கள். மூன்றாண்டு கழித்து பிச், சிவதாசானி இருவரும், வெளி இயக்குநர்களில் பெரும்பான்மையோர் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட குழுக்களில் இருக்கும் நிறுவனங்களில் லாபமும் சந்தை மதிப்பும் தாழ்ந்திருப்பதையும், சரியாகச் செயல்படாத தலைமை அதிகாரியை மாற்றுவதில் அந்தக் குழுக்கள் தயங்குவதையும் காட்டினார்கள். புதிதாகப் பங்கு வெளியிடும் இளம் நிறுவனங்களுக்குப் பல இடங்களைப் பார்த்த இயக்குநர்கள் உதவுகிறார்கள் என்று 2013இல் வேறொரு ஆய்வு வந்தது. நமக்கு மிக நெருக்கமானது ஜெயதி சர்க்கார், சுப்ரதா சர்க்கார் 2009இல் வெளியிட்ட இந்திய ஆய்வு. சுயேச்சை இயக்குநர்கள் பல குழுக்களில் இருப்பது இந்தியாவில் நிறுவன மதிப்போடு நல்ல விதமாகவே சேர்ந்து வருகிறது என்றும், உள் இயக்குநர்கள், அதாவது நிர்வாகத்திலும் உரிமையிலும் இருப்பவர்கள், பல குழுக்களில் இருப்பது தீங்கோடு சேர்ந்து வருகிறது என்றும் அவர்கள் கண்டார்கள். இந்த வேறுபாடு எனக்கு முக்கியமாகப் படுகிறது. வெளியிலிருந்து வருபவர் அனுபவத்தைக் கொண்டுவருகிறார். உள்ளே நின்று நடத்த வேண்டியவர் பிரிந்து போகும்போது நேரம்தான் குறைகிறது. துறைச் செயலரை எந்த அகராதியில் தேடினாலும் வெளி இயக்குநர் என்று சொல்ல முடியாது. உரிமையாளரின் கையெழுத்து அவர் கையில் இருக்கிறது.

இப்போது எதிர்வாதங்களைப் பார்ப்போம். கே.எஸ்.ஆர்.டி.சி.யின் துன்பத்துக்குக் காரணம் இயக்குநர்களா, ஓய்வூதியமா என்று கேட்பவர்கள் சரியான கேள்வியைத்தான் கேட்கிறார்கள். பணியில் இருப்பவர்களைவிட ஓய்வூதியர்கள் அதிகமாகிவிட்ட நிறுவனம் அது. ஓய்வூதியத்தைக் கூட்டுறவுச் சங்கங்களிடம் கடன் வாங்கிக் கொடுத்த ஆண்டுகள் உண்டு. மாணவர் சலுகை, டீசல் விலை, அரசியல் காரணத்தால் உயராத கட்டணம், ஆளில்லாத மலைக் கிராமத்துக்கும் வண்டி விட வேண்டிய கடமை ஆகியவற்றை எந்தச் சால்ட்டராலும் ஒரே நாளில் தீர்க்க முடியாது. இவற்றை முழுதும் ஏற்கிறேன். ஆனால் சுமை கனத்திருக்கும் நிறுவனத்துக்குத்தான் முழு நேரத் தலைமை கூடுதலாகத் தேவைப்படுகிறது. ஆண்டுக் கணக்குகள் பல ஆண்டுகள் தணிக்கைக்குப் போகாமல் நிலுவையில் கிடந்ததற்கு ஓய்வூதியத்தைக் காரணம் சொல்ல முடியாது. கணக்கை முடித்துக் கொடு என்று ஒவ்வொரு கூட்டத்திலும் விடாமல் கேட்க ஓர் ஆள் இல்லாததே அதற்குக் காரணம்.

தமிழ்நாட்டைக் காட்டி மறுப்பவர்களும் உண்டு. எட்டுக் கழகங்களுக்கும் ஒரே தலைவர் இருக்கும் தமிழ்நாட்டில் ஏறத்தாழ 20,000 பஸ்கள் ஓடுகின்றன, குக்கிராமத்துக்கும் வண்டி போகிறது, டீசல் சிக்கனத்தில் நாட்டின் முன்வரிசையில் இருக்கிறோம். அப்படியானால் ஒரே மேசை என்ன கெடுத்தது? என் வாதத்தைக் கூர்மையாக்க இந்தக் கேள்வி உதவுகிறது. அங்கே தலைவர் ஒருவராயினும் ஒவ்வொரு கழகத்துக்கும் தனி மேலாண் இயக்குநர் உண்டு. பெரும்பாலும் அதே துறையில் பொறியாளராகவோ அலுவலராகவோ வளர்ந்து வந்தவர். டெப்போவையும் டயரையும் அறிந்தவர். வழக்கமாக அவருக்கு வேறு மேசை கிடையாது. ஆக, தலைவர் பல இடங்களில் இருப்பதன் கேட்டைப் பெருமளவு தடுப்பது, கீழே ஒருவர் ஒரே இடத்தில் இருப்பது. தடுக்க முடியாத பகுதியும் உண்டு. எட்டுக் கழகங்களின் கடனும் நட்டமும் பெருகியபோது, எந்தக் கழகத்தின் குழுவும் தன் தலைவரான செயலரைப் பார்த்து, கட்டணத்தை நிறுத்தி வைத்த அரசு அந்த இழப்பை எங்களுக்கு ஈடு செய்ய வேண்டும் என்று உரக்கக் கேட்டதாக வரலாறு இல்லை. கேட்க வேண்டியவரும் பதில் சொல்ல வேண்டியவரும் ஒருவரே.

பெரிய மனிதர்கள் குழுவில் இருந்தால் கதவுகள் திறக்கும் என்பது இன்னொரு வாதம். நிதிச் செயலர் உள்ளே இருந்தால் பணம் வரும் என்று அரசு நிறுவனங்களில் இதைச் சொல்வார்கள். ஹைதராபாத்தின் சத்யம் கம்பெனியில் இதன் இரு முகமும் தெரிந்தன. ஹார்வர்டு பேராசிரியர், வணிகப் பள்ளித் தலைவர், முன்னாள் அமைச்சரவைச் செயலர் என்று புகழ்பெற்றவர்கள் நிறைந்த குழு அது. 2008 டிசம்பர் 16ஆம் தேதி, தலைவரின் குடும்ப நிறுவனங்களான மேய்ட்டாஸ் இரண்டையும் வாங்கும் தீர்மானத்தை அந்தக் குழு நிறைவேற்றியது. மூன்று வாரம் கழித்து, 2009 ஜனவரி 7ஆம் தேதி, ரூ.7,000 கோடிக்கும் மேற்பட்ட மோசடியைத் தலைவரே ஒப்புக்கொண்டார். அதன்பின் அரசு நியமித்த புதிய குழுவிலும் தீபக் பாரேக் போன்ற, பல குழுக்களில் அமர்ந்தவர்கள் இருந்தார்கள். கிரண் கார்னிக், டி.என்.மனோகரன் முதலியவர்களோடு அவர்கள் சில மாதங்களிலேயே நிறுவனத்தைக் காப்பாற்றி, ஏப்ரலில் டெக் மகிந்திராவின் கையில் ஒப்படைத்தார்கள். நாற்காலிகளின் எண்ணிக்கையை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது என்பதை இது காட்டுகிறது. இரண்டாவது குழுவுக்கு ஒரே பணி, அதற்கு ஒரு காலக்கெடு, நாடே பார்த்துக்கொண்டிருந்தது, கீழே முழு நேரத் தலைமை அதிகாரி ஒருவரை அவர்கள் உடனே நியமித்தார்கள். பல குழுக்களில் இருப்பவரிடம் நாம் கேட்க வேண்டியவை இவைதான். நிதிச் செயலரைப் பொறுத்தவரை, அவர் கஜானாவைக் காக்கக் கடமைப்பட்டவர். கழகத்தின் இயக்குநர் என்ற முறையில் கஜானாவிடம் வாதாட வேண்டியவரும் அவரே. இரண்டில் எது வெல்லும் என்பதைக் கழகத்தின் வரலாறு சொல்லிவிட்டது.

அரசின் பணம் போட்ட இடத்தில் அரசின் ஆள் இல்லாமல் எப்படி என்ற வாதத்துக்கும் பதில் உண்டு. இருக்கட்டும். ஒரு பிரதிநிதி இருப்பது உரிமை. எல்லாக் குழுக்களுக்கும் ஒருவரே தலைவராகவும், சில சமயம் மேலாண் இயக்குநராகவும் இருப்பது வேறு. கே.எஸ்.ஆர்.டி.சி.யைச் சீரமைக்க யோசனை சொல்ல அழைக்கப்பட்ட, கொல்கத்தா இந்திய மேலாண்மைக் கழகத்தின் சுசீல் கன்னா, துறை வல்லுநர்களைக் கொண்ட குழு வேண்டும் என்றுதான் பரிந்துரைத்தார். பட்டியலிட்ட தனியார் நிறுவனங்களுக்கு செபி இந்தத் திசையில் வெகுதூரம் போய்விட்டது. 2020 ஏப்ரல் முதல் ஒருவர் ஏழு பட்டியலிட்ட நிறுவனங்களுக்குமேல் இயக்குநராக இருக்க முடியாது. எத்தனை கூட்டத்துக்கு வந்தார், வேறு எங்கெல்லாம் இருக்கிறார் என்பதை ஆண்டறிக்கையில் அச்சிட வேண்டும். இயக்குநரின் கவனம் சிதறாத வேறொரு அமைப்பைத் தம்பானூரிலேயே காணலாம். பேருந்து நிலையத்தை ஒட்டி லாரி பேக்கர் சுருளாக எழுப்பிய செங்கல் கட்டடத்தில் இந்தியன் காபி ஹவுஸ் நடக்கிறது. ஏ.கே.கோபாலன் தூண்டுதலால் 1958இல் திருச்சூரில் தொடங்கிய தொழிலாளர் கூட்டுறவு அதன் பின்னணி. அங்கே இயக்குநர்களைத் தொழிலாளர்களே தங்களுக்குள் தேர்ந்தெடுக்கிறார்கள். அதற்கும் அதன் தொல்லைகள் வந்ததுண்டு. ஆனாலும் இயக்குநருக்கு வேறு கவனம் இருக்கிறதோ என்ற சந்தேகம் அங்கே எழ வழியில்லை.

செபியின் விதியால் பட்டியலிட்ட கம்பெனியின் பங்குதாரருக்குக் கிடைக்கும் தகவல், வரி கட்டிக் கழகத்தைத் தாங்கும் குடிமகனுக்கும், சீட்டு வாங்கி ஏறும் பயணிக்கும் ஏன் கிடைக்கக் கூடாது? தமிழ்நாடு, கேரளம் இரண்டிலும் ஒவ்வொரு அரசுக் கழகத்தின் இயக்குநரும் வேறு எத்தனை குழுக்களில் இருக்கிறார், ஆண்டில் எத்தனை கூட்டங்களுக்கு வந்தார் என்பதைச் சட்டசபையில் வைக்க வேண்டும். கடன் கொடுக்கும் அரசு நிறுவனத்திலும் கடன் வாங்கும் அரசு நிறுவனத்திலும் ஒருவரே வாக்களிப்பதைத் தடுக்க வேண்டும். மேலாண் இயக்குநருக்கு மூன்றாண்டாவது உறுதியான காலமும், அந்த ஒரு வேலையைத் தவிர வேறு வேலை இல்லாத நிலையும் தர வேண்டும். இதற்குப் பெரிய செலவு எதுவும் இல்லை. இரு மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்களும் அடுத்த கூட்டத்தொடரில் இந்தக் கேள்வியைப் போக்குவரத்து அமைச்சர்களிடம் கேட்க வேண்டும்; அவர்கள் கேட்கும்வரை அவர்களிடம் நாம் கேட்க வேண்டும்.